மூன்றாவது நாடாவும் பத்தாம் பிரிவும்

காப்புரிமைச் சட்டம், 1970-இன் 10ஆம் பிரிவில் சில தொடர்களுக்கு உரை இது. தொடர்கள் என் தமிழில். திருக்குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகர் காஞ்சிக்காரர் என்பது வழிவழிச் செய்தி. அவ்வூர்த் தறியை வைத்து உரை எழுத அதுவே துணிச்சல்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு கற்பனை விண்ணப்பம். உடலையும் கரையையும் தனித்தனி ஊடையால் நெய்து பின்னும் கோர்வைப் புடவைக்கு மூன்று நாடா (ஊடை இழையைக் கொண்டுசெல்லும் ஓடம்): உடலுக்கு ஒன்று, கரைக்கு ஒவ்வொன்று. ஒரு கரையின் நாடாவைத் தள்ளப் பக்கத்தில் துணையாள் உட்கார வேண்டும். அந்த ஆளுக்குப் பதிலாகக் கருவி செய்தேன் என்கிறார் ஒருவர். (கோர்வைக்கே காப்புரிமை கேட்க முடியாது, மரபறிவை 3ஆம் பிரிவு விலக்கிவிட்டது.)

*முழுமையாகவும் குறிப்பாகவும் விவரிக்க வேண்டும்.* யாருக்கு விளங்க? இந்தியாவில் அத்தொழிலில் சராசரித் திறனும் அறிவும் உள்ளவருக்கு என்கிறது 64ஆம் பிரிவு. காஞ்சியின் பிள்ளையார்பாளையத்தில் தறி பழுதுபார்ப்பவர் அந்தத் தாளை வைத்தே கருவியைச் செய்துவிட வேண்டும். ‘நாடா உரிய நேரத்தில் தள்ளப்படும்’ என்றால் ஆயிற்றா? மிதியை அழுத்தினால் எந்தக் கம்பி இழுபடுகிறது, கரை ஊடை உடல் ஊடையோடு எங்கே பின்னிக்கொள்கிறது, பட்டிழை ஏன் அறுவதில்லை, எல்லாம் வேண்டும்.

*தெரிந்தவற்றுள் சிறந்த முறையைச் சொல்ல வேண்டும்.* நல்ல ஸ்பிரிங்கின் அளவை மறைத்துவிட்டு மட்டமானதை எழுதக் கூடாது. அவ்வளவுதான்.

*உரிமைக்கோரல் வெளியிட்ட விவரத்தில் நியாயமாக ஊன்றியிருக்க வேண்டும்.* சண்டையெல்லாம் இங்கே. விவரித்தது குழித்தறி, பட்டு. கோருவதோ ‘எந்தத் தறியிலும் எந்த நூலிலும் துணையாளை நீக்கும் எந்தக் கருவியும்’. அதே இயக்கம் பருத்திக்கும் ஒத்துவருமென்று காரணம் காட்டினால் விடலாம். விசைத்தறிக்கு வேகமே வேறு; அதைப் பற்றி ஒரு வரி இல்லை. பலனை மட்டும் கோரி வழியை விட்ட கோரல் என் கணக்கில் தேறாது.

மருந்து நிறுவனமான நோவார்ட்டிஸின் வழக்கு இதன் மறுமுனை. இமாட்டினிப் மெசிலேட் என்ற புற்றுநோய் மருந்தின் பீட்டா படிகத்துக்கு 1998-இல் சென்னையில் விண்ணப்பித்தார்கள், 2006-இல் நிராகரிப்பு. இமாட்டினிப்புக்கான பழைய காப்புரிமை மெசிலேட் உப்பை உள்ளடக்கியது, ஆனால் வெளியிடவில்லை என்று வாதாடினார்கள். 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. கோரும்போது அகலமும் விவரிக்கும்போது ஒடுக்கமும் காட்டினால் எப்படி?

விசைத்தறியைத் திருத்தத்தில் சேர்க்கலாமே என்பார் நம் கருவி விண்ணப்பதாரர். முதலில் விவரிக்காததைத் திருத்தத்தில் கோர 59ஆம் பிரிவு விடாது. புது விண்ணப்பம், புதுத் தேதி.