மீனின் செவுளில் ஒளிந்திருந்த உயிர்



மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்ப்பது நம் தாய்மார்களின் வழக்கம். சிங்கப்பூர் தேக்கா சந்தையானாலும், தோட்டத்து லயத்துக்கு மோட்டார் சைக்கிளில் வரும் மீன்காரரானாலும் இந்தச் சோதனை இல்லாமல் காசு கைமாறாது. செவுள் சிவந்திருந்தால் மீன் புதியது. ஆனால் சில வேளைகளில் அந்தச் சிவப்புக்கு நடுவே, குறுநொய் அளவில், வெள்ளையாக ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கும். "ஐயையோ, புழு!" என்று மீனைத் தள்ளிவிடுவோம்.

அது உண்மையில் புழுதானா? இந்த எளிய கேள்விக்கு விடை காண மனித குலத்துக்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அந்த வரலாற்றைத்தான் இன்று பார்க்கப்போகிறோம்.

தேக்கா வட்டாரத்துக்குக் கண்டாங் கெர்பாவ் என்றும் ஒரு பெயர் உண்டு. மலாய் மொழியில் எருமைக் கொட்டில் என்று பொருள். அங்கே மாடு வளர்த்துப் பிழைத்த நம் முன்னோர்கள் மாட்டு உண்ணியை நன்கு அறிவார்கள். மாட்டுக்கு உண்ணி, மாமரத்துக்குப் புல்லுருவி. அவ்வாறே மீனுக்கும் ஒட்டுண்ணிகள் உண்டு.

இவற்றை முதலில் எழுத்தில் குறித்தவர்களுள் ஒருவர் கிரேக்க நாட்டு அறிஞர் அரிஸ்டாட்டில். சூரை மீனின் துடுப்பருகே தேளைப் போன்ற உருவமும் சிலந்தியின் அளவும் உடைய ஒரு பிராணி ஒட்டிக்கொண்டு அதை வருத்துகிறது என்று அவர் எழுதினார். ஆனால் அது எந்த இனத்தைச் சேர்ந்தது என்பது பல நூற்றாண்டுகளுக்கு விளங்கவில்லை.

1758-ஆம் ஆண்டு, சுவீடன் நாட்டு லின்னேயஸ் விலங்குகளுக்கெல்லாம் பெயரிட்டு வகுத்தபோது, கெண்டை மீனில் வாழும் ஓர் ஒட்டுண்ணிக்கு லெர்னியா சிப்ரினேசியா என்று பெயர் வைத்தார். அதை எந்த வகுப்பில் சேர்த்தார் தெரியுமா? புழுக்களின் வகுப்பில்! அவர்மேல் குற்றமில்லை. நூல்போல் நீண்ட உடல். கண்ணுக்குத் தெரியும்படி காலுமில்லை, தலையுமில்லை. பார்த்தவர் யாரும் புழு என்றுதான் சொல்வார்கள்.

உண்மையைக் காட்டியது அதன் குழந்தைப் பருவம். பின்லாந்தில் பிறந்த நோர்ட்மன் என்ற அறிஞர், 1832-இல் வெளியிட்ட நூலில், இந்தப் 'புழுக்களின்' முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுகளை உருப்பெருக்கியில் ஆராய்ந்து காட்டினார். அந்தக் குஞ்சுகள் புழுக்களாக இல்லை. ஒற்றைக் கண்ணும் மூன்று இணைக் கால்களும் கொண்டு, துள்ளித் துள்ளி நீந்தின. குளத்து நீரில் திரியும் நுண்ணிய நீர்ப்பூச்சிகளின் குஞ்சுகளும் இதே உருவத்தவை. அப்படியானால் இது புழு அன்று. நண்டுக்கும் இறாலுக்கும் உறவு! பிரெஞ்சு அறிஞர் மில்ன் எட்வர்ட்ஸ் 1840-இல் இந்த இனத்துக்குக் கோப்பிபோடா என்று பெயரிட்டார். கிரேக்க மொழியில் துடுப்புக் கால் என்பது பொருள். நாம் துடுப்புக்காலிகள் என்போமே!

அப்படியானால் வளர்ந்த பிறகு கால்கள் எங்கே போயின? லெர்னியாவின் குஞ்சு நீரில் நீந்தி வளர்ந்து மீனைப் பற்றுகிறது. ஆணும் பெண்ணும் இணைந்தபின் ஆண் மடிந்துவிடுகிறது. பெண் மட்டும் மீனின் சதைக்குள் தலையைப் புதைத்துக்கொள்கிறது. தலை நங்கூரம்போல் கிளைவிடுகிறது. உடல் நூலாக நீள்கிறது. கால்களோ வளராமல், கண்ணுக்குத் தெரியாத அளவிலேயே நின்றுவிடுகின்றன. நுனியில் இரண்டு முட்டைப் பைகள் தொங்குகின்றன. உட்கார்ந்து உண்ணும் வாழ்க்கை உருவத்தையே மாற்றிவிட்டது!

ஆராய்ச்சி நம் பக்கத்துக் கடல்களுக்கும் வந்தது. 1858-இல் நோவாரா என்ற ஆஸ்திரியக் கப்பல் சென்னையிலும் பிறகு சிங்கப்பூரிலும் நங்கூரமிட்டது. அப்பயணத்தின் வரிசையில் ஹெல்லர் என்பவர் 1865-இல் வெளியிட்ட நூலில், கடல் கெளிற்று மீனின் செவுளில் வாழும் ஹெர்மிலியஸ் போன்ற ஒட்டுண்ணிகள் இடம்பெற்றன. சென்னையில் பேராசிரியர் சி. பி. ஞானமுத்து 1948-இல் காலிகஸ் சவாலா என்ற புதிய இனத்தையும், 1951-இல் இரண்டு சென்னை மீன்களில் வாழும் லெர்னியா இனம் ஒன்றையும் விவரித்தார். கேரளத்தின் கிருஷ்ண பிள்ளை இந்தியக் கடல்மீன்களின் துடுப்புக்காலிகளைத் தொகுத்து எழுதிய பெருநூல் 1985-இல் வெளிவந்தது.

இத்துறையின் பெரிய பெயர் கபாட்டா. போலந்தில் 1924-இல் பிறந்தவர். நாஜிகளை எதிர்த்துத் தலைமறைவுப் படையில் போராடினார். போருக்குப்பின் ஸ்காட்லாந்தில் மீன்பிடிக் கப்பலில் கூலிவேலை செய்தார். வலை இழுத்த அந்தக் கைகள் பிறகு உருப்பெருக்கியைப் பிடித்தன. பிரிட்டிஷ் மீன்களின் துடுப்புக்காலிகளைப் பற்றி 1979-இல் அவர் வெளியிட்ட நூல் இந்த இனத்தின் வகைப்பாட்டுக்கே அடிப்படையாக அமைந்தது. உடல் உழைப்பில் தொடங்கிய வாழ்க்கை அறிவில் உச்சம் தொடலாம் என்பதற்கு, தோட்டத்துப் பிள்ளைகளே, இவர் ஒரு சான்று.

வகைப்பாட்டினால் நமக்கு என்ன பயன் என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். துடுப்புக்காலிகளுள் மூன்றை மட்டும் பாருங்கள். காலிகஸ், கேடயம்போல் தட்டையாக மீனின் மேனியில் ஊர்வது. எர்கசிலஸ், கொக்கியால் செவுளைப் பற்றுவது. லெர்னியா, சதைக்குள் நங்கூரமிடுவது. வாழும் இடம் வேறு. ஒழிக்கும் வழியும் வேறு.

சீனத்திலிருந்து குஞ்சுகளாக வந்து சிங்கப்பூர், மலாயாக் குளங்களில் வளர்ந்த பெருந்தலைக் கெண்டையை எடுத்துக்கொள்வோம். லெர்னியா இனம் ஒன்று அந்த மீனின் கண்ணையே எவ்வாறு கெடுக்கிறது என்பதை மலேசிய ஆய்வாளர் முகமது ஷரிப் 1981-இல் விளக்கினார். வீட்டுக்குப் பின்னால் குளம் வெட்டி, சம்பளத்தில் மிச்சம் பிடித்து மீன் வளர்க்கும் குடும்பத்துக்கு இது சிறிய இழப்பா?

பலர் குளத்தில் ஒருமுறை மருந்திட்டு, "புழு போகவில்லையே" என்று கைவிடுகிறார்கள். நீரில் இடும் மருந்து சதையில் புதைந்த தாயை எளிதில் தொடாது. நீந்தித் திரியும் குஞ்சுகளைத்தான் கொல்லும். நம் வெப்ப நாட்டில் ஏறத்தாழ மூன்று வாரங்களில் ஒரு தலைமுறை முடிந்துவிடுகிறது. ஆகவே, மீன்வளத் துறையினரிடம் அளவு கேட்டு, வாரம் ஒருமுறையாகச் சில தடவை மருந்திட வேண்டும். புதிதாக வாங்கிய மீன்களை மூன்று வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பார்த்த பிறகே குளத்தில் விடவேண்டும். அலங்கார மீன் ஏற்றுமதியில் உலகின் முன்னணியில் நிற்கும் சிங்கப்பூருக்கும் இதே பாடம்தான்.

இன்னொன்று. இந்தத் துடுப்புக்காலிகள் மனிதரைத் தொற்றுவதில்லை. செவுளை நீக்கி, கழுவி, நன்றாக வேகவைத்த மீனை அச்சமின்றி உண்ணலாம்.

அடுத்த முறை செவுளில் அந்த வெள்ளைப் பொட்டைக் கண்டால், புழு என்று அருவருக்காதீர்கள். பிள்ளைகளை அழைத்து, "இது இறாலுக்கு உறவு, சின்ன வயதில் நீந்தித் திரிந்தது" என்று சொல்லுங்கள். வெளித்தோற்றத்தைக் கண்டு இனம் பிரித்தவர்கள் ஏமாந்தார்கள்; பிறந்தது முதல் வளர்ந்தது வரை பொறுமையாகப் பார்த்தவர்களே உண்மையை அறிந்தார்கள்.