கையடக்கத் திரையில் ஆர்கேட் ஆட்டங்கள்

காசு போட்டு ஆடும் இயந்திரத்துக்காக உருவாக்கப்பட்ட வீடியோ கேமே ஆர்கேட் ஆட்டம். ஆளுயரப் பெட்டி, அதற்குள் கண்ணாடிக் குழாய்த் திரை, ஜாய்ஸ்டிக், பட்டன்கள், ஒலிபெருக்கி, எல்லாவற்றையும் இயக்கும் மின்சுற்றுப் பலகை ஆகியவை சேர்ந்ததே அந்த இயந்திரம். 1978-இல் ஜப்பானின் டைட்டோ நிறுவனம் வெளியிட்ட ஸ்பேஸ் இன்வேடர்ஸ் இதைப் பெருந்தொழிலாக மாற்றியது. டோமோஹிரோ நிஷிகாடோ அதை வடிவமைத்தார். 1980-இல் நாம்கோ நிறுவனத்தின் டோரு இவாடானி பாக்-மேனை உருவாக்கினார். அடுத்த ஆண்டு நிண்டெண்டோவின் ஷிகெரு மியாமோட்டோ டாங்கி காங்கைத் தந்தார்.

இந்த ஆட்டங்களைக் கையில் பிடித்து ஆடும் கருவிகளுக்குள் கொண்டுவரும் முயற்சிக்கு நாற்பது ஆண்டுகளுக்கும் மேலான வரலாறு உண்டு. சிப்பின் வலு, திரையின் வடிவம், கை பிடித்து ஆடும் முறை ஆகிய மூன்றும் அதற்குத் தடையாக நின்றன. சிப்பின் வலு போதாது என்ற குறை ஏறக்குறைய கால் நூற்றாண்டில் தீர்ந்தது. மற்ற இரண்டும் கருவியின் உடலமைப்பையே மாற்றினால் மட்டும் தீரக்கூடியவையாக இருந்தன.

அச்சிட்ட உருவங்களின் காலம்

1980-களின் தொடக்கத்தில் பெரும்பாலான கையடக்கக் கருவிகளால் படத்தைப் புள்ளி புள்ளியாக வரைந்து காட்ட முடியவில்லை. ஓர் உருவம் திரையில் எங்கெல்லாம் தோன்ற வேண்டுமோ அங்கெல்லாம் அது முன்கூட்டியே பொறிக்கப்பட்டிருக்கும். ஆட்டத்தின்போது அவற்றில் ஒன்று தெரிய, மற்றவை மறையும். டோமி நிறுவனம் 1981-இல் வட்ட வடிவ மஞ்சள் நிறக் கருவியாகப் பாக்-மேனை விற்றது. அமெரிக்காவின் கோலிகோ நிறுவனம் பாக்-மேன், கேலக்ஸியன், டாங்கி காங், ஃப்ராகர் ஆகியவற்றைச் சின்னஞ்சிறு ஆர்கேட் பெட்டிகளின் உருவிலேயே செய்தது. தானே ஒளிரும் திரையும் குட்டி ஜாய்ஸ்டிக்கும் கொண்ட அப்பெட்டிகள் மேசையில் வைத்து ஆடுவதற்கானவை. மூல ஆட்டத்தின் நிரல் இவற்றில் ஒரு வரிகூட இல்லை. பெயரும் உருவமும் விதிகளின் சாரமும் மட்டுமே வந்து சேர்ந்தன.

இந்தக் காலத்தின் முக்கியமான கண்டுபிடிப்பு நிண்டெண்டோவிடமிருந்து வந்தது. அங்கே பொறியாளராக இருந்த குன்பெய் யோகோய் 1980 முதல் கேம் அண்ட் வாட்ச் என்ற வரிசையை நடத்தி வந்தார். 1982-இல் டாங்கி காங்கை அந்த வரிசையில் சேர்க்க முற்பட்டபோது இரண்டு சிக்கல்கள் எழுந்தன. ஆட்டக்களம் உயரமானது, சட்டைப் பையில் போகும் கருவியோ சிறியது. மேலும் கீழுமாக இரண்டு திரைகளை வைத்து, நடுவில் மடிக்கும்படி செய்தார் யோகோய். நான்கு திசைகளிலும் நகர ஜாய்ஸ்டிக் வேண்டும். ஆனால் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி மடிப்புக் கருவிக்கு ஒவ்வாது. கட்டைவிரலால் அழுத்தும் தட்டையான சிலுவை வடிவப் பட்டன் இப்படித்தான் பிறந்தது. அடுத்த ஆண்டு வெளிவந்த ஃபேமிகாம் வீட்டுக் கருவியும் அதையே ஏற்றது. இன்றுவரை கேம் கருவிகளின் இடப்பக்கத்தில் அந்தச் சிலுவை இருப்பதற்குக் காரணம், ஓர் ஆர்கேட் ஆட்டத்தைக் கைக்குள் அடக்க வேண்டியிருந்த அந்தத் தேவைதான்.

கேம் பாயும் போட்டியாளர்களும்

1989-இல் வந்த நிண்டெண்டோவின் கேம் பாய், கேட்ரிட்ஜ் மாற்றி மாற்றிப் பல ஆட்டங்களை ஆட வழி செய்தது. அதன் திரை 160 புள்ளி அகலம், 144 புள்ளி உயரம், சாயல்கள் நான்கே. பாக்-மேன் இயந்திரத்தின் திரையோ 224 புள்ளி அகலமும் 288 புள்ளி உயரமும் கொண்டது. மூலப் படத்தின் பரப்பில் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்றே அதிகமானதுதான் கேம் பாயின் திரையில் கொள்ளும். அதனால் கேம் பாய் பாக்-மேனில் ஆடுபவரிடமே தேர்வு விடப்பட்டது. பெரிய உருவங்களோடு ஆடினால் புதிர்வழியின் ஒரு பகுதிதான் தெரியும், திரை கூடவே நகரும். முழுப் புதிர்வழியும் தெரிய வேண்டுமென்றால் உருவங்கள் பாதியாகச் சுருங்கிவிடும். துரத்தும் பேய்கள் எங்கே இருக்கின்றன என்று முன்கூட்டியே பார்த்து வழியைத் தீர்மானிப்பது பாக்-மேனின் உயிர். பெரிய உருவத் தேர்வில் அந்த உயிர் பாதி போய்விடும். சிறிய உருவத் தேர்வில் கண் வலிக்கும்.

அதே 1989-இல் வந்த அட்டாரி லிங்க்ஸ் வண்ணத் திரையும் பின்னொளியும் கொண்டது. டேவ் நீடில், ஆர். ஜே. மிகல் இருவரும் எபிக்ஸ் நிறுவனத்தில் இருந்தபோது அதை வடிவமைத்தனர். க்ளாக்ஸ், ஜௌஸ்ட், ரோபோட்ரான், பேப்பர்பாய் என ஆர்கேட் பெயர்கள் அதன் பட்டியலில் நிறைந்திருந்தன. க்ளாக்ஸ் ஆட்டத்துக்குக் கருவியையே செங்குத்தாகத் திருப்பிப் பிடிக்க வேண்டும். உயரமான ஆட்டக்களத்துக்குத் திரையைத் திருப்புவதே விடை என்று கண்டுகொண்ட தொடக்க முயற்சிகளில் இது ஒன்று. ஆனால் ஆறு பேட்டரிகள் நான்கைந்து மணி நேரத்தில் தீர்ந்துபோயின. 1990-இல் வந்த சேகாவின் கேம் கியருக்கும் அதே குறை இருந்தது. வண்ணமில்லாத, ஆனால் விலையும் பேட்டரிச் செலவும் குறைந்த கேம் பாயே சந்தையை வென்றது.

சிறிய திரையோடு மல்லுக்கட்டுவதை விட்டுவிட்டு, அதற்கேற்ப ஆட்டத்தையே மறுபடி சிந்தித்த நல்ல எடுத்துக்காட்டு 1994-இன் கேம் பாய் டாங்கி காங். ஆர்கேட் மூலத்தின் நான்கு கட்டங்கள் முதலில் வரும். அவற்றை முடித்ததும் ஆட்டம் முடிந்தது என்று நினைக்கும் வேளையில் புதிய கட்டங்கள் திறக்கும், மொத்தம் 101. மறுவெளியீடு என்று தொடங்கிய ஒன்று தன்னளவில் புதிய படைப்பாக முடிந்தது. 1995-இல் ஆஸ்டராய்ட்ஸும் மிஸைல் கமாண்டும் ஒரே கேட்ரிட்ஜில் வந்தன. டிஃபெண்டரும் ஜௌஸ்டும், கேலகாவும் கேலக்ஸியனும் அவ்வாறே இணையாக வந்தன. பழைய ஆட்டங்களைத் தொகுப்பாக விற்கும் வழக்கம் கையடக்கச் சந்தையிலும் இவ்வாறு வேரூன்றியது.

திரும்பும் திரை, சொடுக்கும் ஜாய்ஸ்டிக்

1990-களின் இறுதியில் இரண்டு ஜப்பானியக் கருவிகள் உடலமைப்பின் வழியே விடை தேடின. எஸ்என்கே நிறுவனம் நியோ ஜியோ என்ற ஆர்கேட் பலகையால் புகழ்பெற்றது. அது 1998-இல் நியோ ஜியோ பாக்கெட்டையும் 1999-இல் அதன் வண்ண வடிவத்தையும் கொண்டுவந்தது. சிலுவைப் பட்டனுக்குப் பதிலாக, ஆர்கேட் ஜாய்ஸ்டிக் போலவே அசைவுக்கு அசைவு ‘க்ளிக்’ என்று ஒலிக்கும் சிறு குமிழை அதில் வைத்தனர். கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் போன்ற சண்டை ஆட்டங்களை அப்படியே சுருக்காமல், பெரிய தலையும் சிறிய உடலுமாக வீரர்களை மறுபடி வரைந்தனர்; அசைவுகளின் இலக்கணம் மட்டும் மாறவில்லை. அதில் வெளிவந்த பாக்-மேனுடன் ஒரு பிளாஸ்டிக் வளையமும் வந்தது. பாக்-மேன் நான்கு திசைகளுக்கு மட்டுமே ஆனது; எட்டுத் திசையும் ஏற்கும் குமிழில் மூலைவாட்டில் விரல் போனால் வழி தவறும். குமிழைச் சுற்றி மாட்டிய வளையம் அந்த நான்கு திசைகளை மட்டும் அனுமதித்தது.

நிண்டெண்டோவை விட்டு விலகிய யோகோய் தன் கோட்டோ நிறுவனத்தில் உருவாக்கத் தொடங்கிய கருவி வொண்டர்ஸ்வான். 1997-இல் சாலை விபத்தில் அவர் இறந்தபின், 1999-இல் பண்டாய் நிறுவனம் அதை வெளியிட்டது. படுக்கைவாட்டிலும் செங்குத்தாகவும் பிடித்து ஆடும்படி அது அமைந்திருந்தது. இடப்பக்கம் நான்கு நான்காக இரண்டு பட்டன் தொகுதிகள் இருந்தன. கருவியைத் திருப்பினால் ஒன்று இடக்கைக்கும் மற்றொன்று வலக்கைக்கும் வரும். ஒரே பேட்டரியில் நெடுநேரம் ஓடிய அந்தக் கருவி ஜப்பானைத் தாண்டிப் பெரிதாகப் போகவில்லை என்றாலும், செங்குத்து ஆட்டங்களுக்கு என்ன தேவை என்பதைத் தெளிவாகக் காட்டியது.

மூல நிரல் வந்து சேர்ந்தது

அதுவரை வந்த மறுவெளியீடுகள் பெரும்பாலும் மூலத்தைப் பார்த்துப் புதிதாக எழுதப்பட்டவை. எழுதுபவரின் கண்ணும் நினைவும் எவ்வளவு கூர்மையோ அவ்வளவுக்குத்தான் நகல் மூலத்தை ஒத்திருக்கும். எமுலேட்டர் இதை மாற்றியது. பழைய பலகையின் சிப்புகள் செய்த வேலையைப் புதிய கருவி மென்பொருளாகச் செய்துகாட்ட, பழைய இயந்திரத்தின் நினைவகத்திலிருந்து எடுத்த அதே நிரல் அதன்மேல் ஓடும். அமெரிக்காவின் டிஜிட்டல் எக்லிப்ஸ் நிறுவனம் வில்லியம்ஸ் நிறுவனத்தின் ஆட்டங்களை இந்த முறையில் 1994-இல் மெக்கின்டாஷ் கணினிக்குக் கொண்டுவந்தது. 1997 பிப்ரவரியில் இத்தாலியரான நிகோலா சால்மோரியா மேம் என்ற எமுலேட்டரை வெளியிட்டார். பலர் பங்களித்து வளர்த்த ஆவணக் களஞ்சியமாக அது பின்னாளில் ஆனது.

கையடக்கக் கருவிக்கு அந்த வலு வரச் சில ஆண்டுகள் ஆயின. 2001-இல் வந்த கேம் பாய் அட்வான்ஸின் திரை 240-க்கு 160 புள்ளிதான். நாம்கோ மியூசியம் தொகுப்பு அதில் வந்தபோது உயரமான ஆட்டங்கள் மறுபடி நெருக்கப்பட்டன. 2004 டிசம்பரில் ஜப்பானில் வெளியான சோனியின் பிஎஸ்பி நிலைமையை மாற்றியது. நாம்கோ, கேப்காம், மிட்வே, டைட்டோ நிறுவனங்களின் தொகுப்புகள் அடுத்தடுத்து அதில் வந்தன. அதன் திரை 480-க்கு 272 புள்ளி. படுக்கைவாட்டில் பிடித்தால் பாக்-மேனின் 288 புள்ளி உயரத்துக்குப் பதினாறு புள்ளி குறையும். நிமிர்த்திப் பிடித்தால் மூலப் படம் ஒரு புள்ளியும் இழக்காமல் முழுதாக அடங்கும். திரையைச் சுழற்றும் தேர்வு தொகுப்புகளில் இடம்பெற்றதற்கு இதுவே காரணம். ஆனால் நிமிர்த்தியபின் பட்டன்கள் கைக்கு ஒத்துவராத இடத்துக்குப் போயின. திரை பொருந்தியபோது கை பொருந்தவில்லை.

பெட்டியையும் நினைவில் வைத்தவர்கள்

சில ஆட்டங்களில் பெட்டியே ஆட்டத்தின் பாதி. 1985-இல் சேகாவின் யூ சுஸுகி உருவாக்கிய ஸ்பேஸ் ஹேரியரில், இருக்கையோடு சேர்ந்து இயந்திரமே ஆடுபவரை அசைத்தது. 1986-இன் அவுட் ரன்னில் கார் வடிவ இருக்கையும் ஸ்டியரிங்கும் இருந்தன. இவற்றின் நிரலை மட்டும் கையடக்கக் கருவிக்குக் கொண்டுவந்தால் ஆட்டம் முழுமையாகாது.

ஜப்பானின் எம்2 நிறுவனம் இந்தக் குறையை நேராக எதிர்கொண்டது. கண்ணாடி அணியாமலே முப்பரிமாணம் காட்டும் நிண்டெண்டோ 3டிஎஸ் கருவிக்கு, 2012 இறுதியில் தொடங்கி சேகாவின் ஆட்டங்களை அது வரிசையாகச் செய்தது. பெட்டி சாயும் திசையில் திரையில் தெரியும் படமும் சாயும்படி ஒரு தேர்வை அமைத்தார்கள். பெட்டியை அசைத்த மோட்டார்களின் இரைச்சலையும் ஒலியாகச் சேர்த்தார்கள். அவுட் ரன்னை நொடிக்கு 60 படமாக ஓடச் செய்து, சாலையை மூலத்தைவிட வழுவழுப்பாக்கினார்கள். நிரலைத் துல்லியமாக ஓட்டினால் போதும் என்ற நிலையிலிருந்து, ஆர்கேட்டில் உட்கார்ந்து ஆடிய உணர்வையும் காக்க வேண்டும் என்ற நிலைக்கு இந்தத் துறை உயர்ந்ததற்கு எம்2-வின் பணி சான்று.

பதிவிறக்கமும் கேட்ரிட்ஜும்

2014 முதல் பிளேஸ்டேஷன் 4-க்கு ஆர்கேட் ஆர்க்கைவ்ஸ் என்ற வரிசையைத் தந்துவந்த ஹாம்ஸ்டர் நிறுவனம், 2017 மார்ச் 3 அன்று நிண்டெண்டோ ஸ்விட்ச் வெளியான அதே நாளில் நியோ ஜியோ ஆட்டங்களோடு அங்கும் வந்தது. ஒவ்வோர் ஆட்டமும் தனித்தனியே விற்கப்படுகிறது. இயந்திரத்தின் உள்ளே கடைக்காரர் மட்டும் மாற்றக்கூடிய உயிர்களின் எண்ணிக்கை, கடினம் போன்ற அமைப்புகளும் ஆடுபவர் கைக்கு வந்தன. ஸ்விட்ச்சின் கைத்திரை 1280-க்கு 720 புள்ளி. நிமிர்த்தினால் பாக்-மேன் போன்ற ஆட்டத்தைச் சரியாக மூன்று மடங்காகப் பெருக்கிக் காட்ட இடமிருக்கிறது. இருபுறக் கைப்பிடிகளையும் கழற்றலாம் என்பதால் பிஎஸ்பியில் தீராத சிக்கலுக்கும் வழி பிறந்தது. நிமிர்த்திய திரையின் இருபக்கமும் கைப்பிடிகளைப் பொருத்தும் ஃபிளிப் கிரிப் என்ற பிளாஸ்டிக் சட்டத்தை 2018-இல் ரசிகர்களே கூட்டு நிதி திரட்டி உருவாக்கினர்.

பழைய ஆட்டங்களுக்கென்றே தனிக் கருவிகளும் தோன்றின. 2012 டிசம்பரில் நியோ ஜியோ எக்ஸ் இருபது ஆட்டங்களோடு வந்தது. ஓராண்டுக்குள் எஸ்என்கே உரிமத்தைத் திரும்பப் பெற்றது. 2020 மே மாதம் பிரிட்டனின் பிளேஸ் நிறுவனம் எவர்கேட் கருவியை வெளியிட்டது. உரிமம் பெற்ற ஆட்டங்களை மட்டும் கேட்ரிட்ஜில், அச்சிட்ட கையேட்டோடு தருவது அதன் கொள்கை. 2022 இறுதியில் வந்த எவர்கேட் இஎக்ஸ்பி என்ற வடிவத்தில், நிமிர்த்திப் பிடிக்கும்போது விரல் தொடும் இடத்தில் கூடுதலாக இரண்டு பட்டன்கள் அமைக்கப்பட்டன. செங்குத்து ஆட்டத்துக்காகவே பட்டன் வைத்த கருவி அது. 2023-இல் கேப்காம், டைட்டோ ஆட்டங்கள் அடங்கிய சூப்பர் பாக்கெட் என்ற மலிவான சிறு கருவிகள் வந்தன. சேகா தன் அறுபதாம் ஆண்டு நிறைவுக்கு 2020 அக்டோபரில் ஜப்பானில் வெளியிட்ட கேம் கியர் மைக்ரோவின் திரையோ 1.15 அங்குலம்தான், அது ஆடுவதைவிடச் சேகரிப்பதற்கே ஏற்றது.

உரிமை என்னும் இறுதித் தடை

தொழில்நுட்பத் தடைகள் விலகியபின் மிஞ்சுவது உரிமை. டாங்கி காங்கின் நிரலை எழுதுவதில் இகெகாமி சுஷின்கி என்ற வெளி நிறுவனத்துக்குப் பங்கு இருந்தது. நிரல் யாருடையது என்பதில் இரு தரப்பும் 1980-களில் நீதிமன்றம் சென்றன. பல ஆண்டுகளாக மறுவெளியீடுகளில் ஃபேமிகாம் வடிவமே வந்துகொண்டிருந்தது. அதில் ஆர்கேட்டின் நான்கு கட்டங்களில் ஒன்று இல்லை. ஆர்கேட் மூலம் தனி ஆட்டமாக ஸ்விட்ச்சில் வெளியானது 2018 ஜூனில்தான். அவுட் ரன்னின் 3டிஎஸ் வடிவத்தில் மூலத்தின் ஃபெராரி போன்ற கார் உருமாற்றப்பட்டது. மிஸ் பாக்-மேன் என்ற பெண் பாத்திரத்தின் உரிமையில் எழுந்த சிக்கலால், 2022-இன் பாக்-மேன் மியூசியம் பிளஸ் தொகுப்பில் அவள் இடத்தில் வேறொரு பாத்திரம் நிற்கிறது.

பெயரும் உருவமும் மட்டும் வந்த 1981-இலிருந்து, மூல நிரலோடு கடைக்காரரின் அமைப்புகளும் வந்துசேர்ந்த இன்றுவரை, கையடக்க மறுவெளியீடு நகலிலிருந்து பாதுகாப்பை நோக்கி நகர்ந்திருக்கிறது. கண்ணாடிக் குழாய்த் திரைகள் பழுதாகி, மின்சுற்றுப் பலகைகள் செயலிழந்துவரும் காலத்தில் இப்பணியின் மதிப்பு கூடியிருக்கிறது. பெரும்பாலானோருக்கு இந்த ஆட்டங்களை முறையான உரிமத்தோடு, மூல வடிவில் ஆடக் கிடைக்கும் எளிய வழி இன்று இத்தகைய மறுவெளியீடுகளே. உரிமை தெளிவாக உள்ள ஆட்டங்கள் அடுத்த தலைமுறைக்குப் போகின்றன. உரிமையாளர் யாரென்றே தெரியாதவை காத்திருக்கின்றன.