நஞ்சும் காப்பும்: கோழித்தீனின் வரலாற்றில் ஓர் அதிகாரம்

மனிதன் உண்ணும் உணவின் வரலாற்றை அவன் வளர்க்கும் பிராணிகளின் உணவு வரலாற்றிலிருந்து பிரித்து எழுதுதல் இயலாது. கோழி உண்டது முட்டையாகி மனிதனை வந்தடைகின்றது. இருபதாம் நூற்றாண்டில் கைத்தொழிலும் விவசாய இரசாயனங்களும் பெருகியபோது இரசம், ஈயம், கட்மியம் முதலிய பார உலோகங்களும் தானியத்தோடும் நீரோடும் பறவைகளின் உடலிற் புகுந்தன. இந்நஞ்சுகளின் தாக்கத்தை உணவிலுள்ள சில பொருள்களே தணிக்கவல்லன என்பதும் அதே நூற்றாண்டில் அறியப்பட்டது. ஒட்சியேற்ற எதிரிகள் என வழங்கும் விற்றமின் ஈ, விற்றமின் சீ ஆகியனவும், செலனியம் என்னும் மூலகமும் அவற்றுள் முதன்மையானவை. இக்காப்பு எவ்வாறு கண்டறியப்பட்டது, அது உண்மையில் யாரைக் காத்தது என்னும் இரு வினாக்களையும் வரலாற்று நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வரலாற்றின் நாயகனாகிய செலனியம் முதலில் நஞ்சாகவே விவசாய உலகுக்கு அறிமுகமாயிற்று. சுவீடன் நாட்டு இரசாயன அறிஞர் பேர்சீலியசு 1817இல் இம்மூலகத்தைக் கண்டுபிடித்தார்.  அமெரிக்காவின் தென் டக்கோட்டாப் பகுதியிற் குடியேறிய விவசாயிகள், தம் குதிரைகளும் மாடுகளும் மயிர் உதிர்ந்து, குளம்பு கழன்று வருந்துவதைக் கண்டு, நீரிலுள்ள காரமே அதற்குக் காரணமென நம்பி, அதனைக் 'கார நோய்' என்றனர். அப்பகுதித் தானியத்தை உண்ட கோழிகளின் முட்டைகள் பொரிக்கவில்லை. பொரியாத முட்டைகளுள் உருச்சிதைந்த முளையங்கள் காணப்பட்டன. 1930களில் பிராங்கே என்பாரும் அவருடைய சகாக்களும் மேற்கொண்ட ஆய்வுகள் உண்மைக் காரணத்தை வெளிப்படுத்தின. மண்ணிலிருந்து தானியத்துக்கு ஏறிய செலனியமே அந்நஞ்சு.

அங்கிருந்தே முதலாவது விந்தையும் வெளிப்பட்டது. செலனியம் மிகுந்த தானியத்தை உண்ட எலிகளுக்குக் குடிநீரிற் சிறிதளவு ஆசனிக்கைக் கலந்து கொடுத்தபோது அவை நோயினின்று தப்பியதை மொக்சன் 1938இல் அறிவித்தார். ஒரு நஞ்சு மற்றொரு நஞ்சின் வலியை அடக்கியது. உடலுக்குள் மூலகங்கள் தனித்தனியே தொழிற்படுவதில்லை, ஒன்று மற்றொன்றின் போக்கை மாற்றும் என்னும் கருத்துக்கு இது வித்திட்டது.

ஏறத்தாழ அதே காலத்தில் டென்மார்க்கில் வேறொரு திசையில் ஆய்வு நடைபெற்றது. விற்றமின் ஈயின் இருப்பை இவான்சு, பிசப் ஆகிய இருவரும் 1922இல் எலிகளைக் கொண்டு காட்டியிருந்தனர். விற்றமின் கேயைக் கண்டறிந்து புகழ்பெற்ற ஹென்றிக் டாமும் அவருடைய சகாவாகிய கிளாவிண்டும் 1930களின் இறுதியில், விற்றமின் ஈ குறைந்த தீனை உண்ட கோழிக்குஞ்சுகளின் தோலின் கீழ் நீர் கசிந்து தேங்கும் ஒரு நோயை விவரித்தனர். 1957இல் இவ்விரு பாதைகளும் சந்தித்தன. விற்றமின் ஈ குறைந்த உணவை உண்ட எலிகளின் ஈரல் அழிவைச் செலனியம் தடுப்பதாக சுவாட்சும் போல்ற்சும் அவ்வாண்டில் வெளியிட்டனர். அதே ஆண்டில் பற்றர்சன், மில்சிறி, சிரொக்சாட் ஆகியோர் கோழிக்குஞ்சுகளின் நீர்க்கசிவு நோயையும் அது தடுப்பதைக் காட்டினர். இருபது ஆண்டுகளாக நஞ்சென அஞ்சப்பட்ட மூலகம் உயிர்வாழ்வுக்கு இன்றியமையாத ஊட்டப்பொருளாயிற்று. நஞ்சையும் ஊட்டத்தையும் பிரிப்பது அளவேயன்றிப் பொருளன்று என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று அரிது.

செலனியம் எவ்வாறு தொழிற்படுகின்றது என்பதற்கு விடை 1973இற் கிடைத்தது. உடலிற் தோன்றும் பெரொட்சைட்டுகளைச் சிதைக்கும் குளுற்றாதயோன் பெரொட்சிடேசு என்னும் நொதியத்தின் ஓர் அங்கமே செலனியம் என விஸ்கொன்சின் பல்கலைக்கழக ஆய்வாளர் நிறுவினர். விற்றமின் ஈ கலமென்சவ்வின் கொழுப்பு ஒட்சியேற்றத்தாற் கெடாது தடுக்கின்றது. அதனையும் மீறித் தோன்றும் பெரொட்சைட்டுகளை இந்நொதியம் அழிக்கின்றது. இரசம், கட்மியம் போன்ற உலோகங்கள் கந்தகமுள்ள கூட்டங்களைப் பற்றிக்கொண்டு உடலின் குளுற்றாதயோனைக் குறைப்பதால் இவ்விரு அரண்களும் தளர்கின்றன. உணவின் மூலம் அவற்றை வலுப்படுத்தலாம் என்பதே ஒட்சியேற்ற எதிரிகளைப் பற்றிய கொள்கையின் அடிப்படை.

இக்கொள்கைக்கு அவசரத்தைக் கொடுத்தவை அக்காலத்து அனர்த்தங்களே. யப்பானில் மினமாற்றா நோய் 1956இல் உத்தியோகபூர்வமாக அறியப்பட்டது. சுவீடனில், பூஞ்சணம் பிடியாதிருக்க இரசச் சேர்வை பூசப்பட்ட விதைகளை உண்ட காட்டுப் பறவைகள் 1950களில் மடிந்தன. அந்நாட்டுக் கோழிமுட்டைகளில் அயல்நாட்டு முட்டைகளிலும் கூடிய இரசம் இருப்பதும் தெரியவந்தது. 1966இல் அல்கைல் இரசச் சேர்வைகளை விதைக்குப் பூசுதல் அங்குத் தடைசெய்யப்பட்டது.

1967இல், இரச உப்பினால் எலிகளுக்கு நேரும் கேட்டைச் சிறிதளவு செலனைற்று தடுப்பதைப் பிராக் நகரத்து ஆய்வாளரான பாரிசெக்கும் ஒசுதாதலோவாவும் அறிவித்தனர். 1970 டிசெம்பரில் அமெரிக்காவில் தகரத்திலடைத்த சூரை மீனில் அனுமதிக்கப்பட்ட அளவினும் கூடிய இரசம் இருப்பது கண்டறியப்பட்டு அவை சந்தையிலிருந்து மீளப்பெறப்பட்டபோது இக்கண்டுபிடிப்பு பொதுவாழ்வோடு தொடர்புற்றது. கன்தரும் கோழியியல் அறிஞர் சண்டே முதலிய விஸ்கொன்சின் சகாக்களும் யப்பானியக் காடைகளுக்குப் பத்து இலட்சத்துக்கு 20 பங்கு வீதம் மெதைல் இரசத்தைத் தீனிற் கலந்து கொடுத்தனர். சோளமும் சோயாவும் உண்ட காடைகளிலும், தீனில் நூற்றுக்கு 17 பங்கு சூரை மீனை உண்டவை நீண்டகாலம் பிழைத்தன. அம்மீனிலுள்ள செலனியமே காப்பாக அமைந்திருக்கலாம் என 1972இல் அவர்கள் எழுதினர். செலனியமும் இரசமும் ஒன்றின் நஞ்சை மற்றொன்று தணிக்கும் என்பதையும் 1977இல் அதே குழுவினர் காடைகளிற் காட்டினர்.

எனினும், எல்லாக் காப்பும் ஒட்சியேற்றத்தைத் தடுப்பதால் விளைவதன்று. 1970இல் சிபைவி பொக்சும் பிறையும் கட்மியம் கலந்த தீனை உண்ட இளங்காடைகளின் இரத்தச்சோகையை விற்றமின் சீ பெரிதும் தடுப்பதைக் கண்டனர். அதற்குக் காரணம் விற்றமின் சீ இரும்பின் உறிஞ்சலைக் கூட்டியமையே எனப் பின்னைய ஆய்வுகள் உணர்த்தின. செலனியமோ இரசத்தோடு நேரே பிணையும் இயல்புடையது. ஆகவே 'ஒட்சியேற்ற எதிரி' என்ற ஒரே பெயரின் கீழ் வெவ்வேறு செயன்முறைகள் மறைந்து கிடக்கின்றன.

இங்கு நாம் இரண்டாம் வினாவுக்கு வருகின்றோம். பிழைத்த காடையின் உடலிலிருந்து இரசம் வெளியேறியதா? அவ்வாறு கொள்வதற்கில்லை. பிணைந்த உலோகம் செயலிழந்து உடலிலேயே தங்கவுங்கூடும். நோயின்றி நடமாடும் பறவை நஞ்சற்ற பறவை என்பதற்கு உறுதியில்லை. வெளித்தோற்றத்தில் நலமாயிருப்பதால் அது எவ்வித ஐயமுமின்றிச் சந்தைக்கும் சமையலறைக்கும் செல்கின்றது.

அடுத்த தலைமுறையின் நிலை இதனினும் கவலைக்குரியது. 1983இல் கலிபோர்னியாவின் கெசுற்றர்சன் நீர்த்தேக்கத்தில், வயல்களிலிருந்து வடிந்த நீரோடு வந்த செலனியத்தால் நீர்ப்பறவைகளின் முளையங்கள் உருச்சிதைந்திருந்தமை தெரியவந்தது. தென் டக்கோட்டாவின் கோழிமுட்டைகள் அரை நூற்றாண்டுக்கு முன் சொன்ன செய்தியே அங்கு மீண்டும் சொல்லப்பட்டது. 1998இல் ஹைன்சும் ஹொவ்மனும் வெளியிட்ட ஆய்வு இதனை ஐயத்துக்கிடமின்றிக் காட்டியது. வீட்டு வாத்துகளிற் பெரும்பாலானவற்றின் மூதாதையாகிய மல்லாட் வாத்துகளே அதற்குப் பயன்பட்டன. தீனில் மெதைல் இரசம் மாத்திரம் பத்து இலட்சத்துக்கு 10 பங்கு இருந்தபோது 12 ஆண் வாத்துகளில் ஒன்று இறந்தது. எட்டின் கால்கள் முடங்கின. அத்தோடு 10 பங்கு செலனியமும் சேர்க்கப்பட்டபோது பன்னிரண்டில் ஒன்றேனும் நோயுறவில்லை. ஆய்வு அத்தோடு நின்றிருப்பின் செலனியத்துக்கு வெற்றி முழங்கியிருக்கலாம். ஆயின் அவர்கள் குஞ்சுகளையும் எண்ணினர். நஞ்சு எதுவும் உண்ணாத பெட்டைக்கு 7.6 குஞ்சுகள் வீதம் கிடைத்தன. செலனியம் மாத்திரம் உண்டவற்றுக்கு 2.8, இரசம் மாத்திரம் உண்டவற்றுக்கு 1.1, இரண்டையும் உண்டவற்றுக்கு 0.2. தந்தையரைக் காத்த அதே சேர்க்கை சந்ததியை ஏறக்குறைய இல்லாமற் செய்துவிட்டது.

இவ்வாய்வில் தரப்பட்ட செலனியத்தின் அளவு தேவைக்கு மிக மேற்பட்டது என்பதை மறத்தலாகாது. எலிகளில் ஈரற்கட்டிகளை உண்டாக்கும் என்ற 1943ஆம் ஆண்டு ஆய்வின் அச்சத்தால் நெடுங்காலம் மறுக்கப்பட்டிருந்த செலனியத்தைக் கோழித்தீனிற் சேர்க்க அமெரிக்க அரசு 1974இல் அனுமதித்தபோது, அளவு பத்து இலட்சத்துக்கு 0.1 பங்காகவே இருந்தது. 1987இல் அது 0.3 ஆக உயர்த்தப்பட்டது. இவ்வளவில் செலனியம் கோழி வளர்ப்புக்குப் பெரும் பயன் விளைத்துள்ளது. ஆனால் பத்து இலட்சத்துக்கு 0.3 பங்கு ஊட்டமாகவும் 10 பங்கு முளையத்துக்கு நஞ்சாகவும் அமையும் ஒரு பொருளை, 'காப்பது' என்ற காரணத்தால் தாராளமாகச் சேர்த்தல் தகாது.

விற்றமின்கள், செலனியம், மூலிகைச் சாறுகள் எனப் பலவற்றைக் கொண்டு பார உலோகங்களின் கேட்டைத் தணிக்கும் பரிசோதனைகள் இன்றும் பல நாடுகளில் நடைபெறுகின்றன. அவை வேண்டியனவே. ஆயினும் அவற்றின் முடிவுகளைப் படிப்போர், பறவையின் எடையையும் இரத்தத்தையும் அளந்ததோடு அமையாது, முட்டையில் எஞ்சிய உலோகம் எவ்வளவு, பொரித்த குஞ்சுகள் எத்தனை, அவ்வீரலை உண்பவர் யார் எனவும் வினவுதல் வேண்டும். சுவீடன் தன் பறவைகளுக்கு மாற்று மருந்து தேடிக்கொண்டிருக்கவில்லை. விதையிற் பூசிய நஞ்சையே நிறுத்தியது. உணவுக் காப்பு அத்தகைய தடைக்குத் துணையாக அமையலாமேயன்றி அதற்கு ஈடாக அமையாது என்பதே இவ்வரலாறு நமக்கு உணர்த்தும் பாடமாகும்.