பங்குனி வெயிலும் மல்லேஸ்வரம் மொட்டை மாடியும்

பெங்களூர் சரித்திரம் என்றால் 1537இல் கெம்பே கௌடா கட்டிய கோட்டை, 1791இல் கார்ன்வாலிஸ் அதைப் பிடித்தது, 1809இல் ஏற்பட்ட கண்டோன்மென்ட் என்று வரிசையாகச் சொல்லுவோம். அதே ஊரில் வருஷா வருஷம் பங்குனி, சித்திரையில் ஆயிரக்கணக்கான மொட்டை மாடிகளில் வடாம் காய்ந்ததே, அதற்கும் ஒரு சரித்திரம் உண்டு. எந்தக் கெஸட்டிலும் ஏறாத அந்தச் சரித்திரத்தில் எனக்குத் தெரிந்த பகுதியை நம் அங்கத்தினர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

1898 ஆகஸ்டில் பெங்களூரில் பிளேக் பரவியது. பேட்டைப் பகுதியில் வெளிச்சமும் காற்றும் இல்லாமல் நெருங்கி நின்ற வீடுகள் நோய்க்கு வசதியாகப் போயின. ஜனங்கள் ஊருக்கு வெளியே கொட்டகை போட்டுத் தங்கினார்கள். மைசூர் அரசாங்கம் சில வருஷங்களுக்கு முன்பே திட்டமிட்டிருந்த மல்லேஸ்வரம், பசவனகுடி ஆகிய இரண்டு விஸ்தரிப்புகளும் இதற்குப் பிறகுதான் வேகமாக நிரம்பின. பழமையான காடு மல்லேஸ்வரர் கோயிலை ஒட்டி எழுந்ததால் மல்லேஸ்வரம் என்று பெயர். நேரான மெயின்களும் கிராஸ்களும், மனையைச் சுற்றிக் காலி இடமுமாக அமைந்த பேட்டை அது. காற்றோட்டத்துக்காக விட்ட அந்தக் காலி இடம்தான் பின்னால் கிணறாகவும், மாட்டுக் கொட்டிலாகவும், கொல்லையாகவும் ஆயிற்று. நகரத்துக்குள்ளேயே ஒரு சின்னக் கிராமத்துக் குடித்தனம் நடத்த முடிந்ததற்கு இப்படி பிளேக்கும் ஒரு காரணம்!

1950களின் பிற்பகுதியில் எங்கள் வீட்டில் ஒரு பசு, ஒரு மாமரம், இரண்டு தென்னை, முருங்கை, கறிவேப்பிலை, சமையலறைத் தண்ணீர் பாயும் இடத்தில் வாழை, இவ்வளவும் இருந்தன. மாசி பிறந்ததும் வேலை ஆரம்பமாகும். முதலில் புதுப் புளி. கொட்டையும் நாரும் எடுத்து, உப்புச் சேர்த்துக் காயவைத்துப் பானையில் அடைக்க வேண்டும். அடுத்தது வடுமாங்காய், பிறகு மிளகாய், மஞ்சள், துவரை. மார்கோஸா ரோடு என்ற பெயரே வேப்பமரத்தால் வந்ததுதான். பூக்கும் காலத்தில் மரத்தடியில் பழைய வேஷ்டியை விரித்து வேப்பம்பூ சேகரிப்பது சிறுவர்களாகிய எங்கள் பொறுப்பு. யுகாதிக்கு அடுத்த வீட்டுக் கன்னடக்காரர்கள் பேவு பெல்லா தருவார்கள். சித்திரைப் பிறப்புக்கு எங்கள் வீட்டு வேப்பம்பூப் பச்சடி அங்கே போகும். அவர்கள் சண்டிகே என்பார்கள், நாம் வடாம் என்போம். வெயில் இருவருக்கும் ஒன்றுதான்.

இவ்வளவுக்கும் தலைமை என் அப்பாவின் அத்தை. பதின்மூன்று வயதில் விதவையாகிப் பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தவள். விடியற்காலை நாலு மணிக்கு மடியாக எழுந்து வடாம் கூழ் கிளறுவாள். பச்சை மிளகாய், உப்பு, பெருங்காயம், கடைசியில் எலுமிச்சம்பழம். ஆறு மணிக்குள் நாழியில் போட்டுப் பிழிய ஆரம்பித்துவிட வேண்டும். "காக்கா வந்தா கொடையை ஆட்டுடா, நீயே காக்கா ஆயிடாதே!" என்பாள். பாதி காய்ந்த வடாமை நாங்கள் தின்போம் என்று அவளுக்குத் தெரியும். அதற்கென்று ஒரு வரிசை அதிகமாகவே பிழிவாள்.

பிற்பாடு காலேஜில் விஞ்ஞானம் படித்தபோதுதான் அவள் செய்ததன் தத்துவம் விளங்கியது. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே தண்ணீர் ஏறத்தாழ 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆகவே கூழ் வேகக் கூடுதல் நேரம் வேண்டும். "தஞ்சாவூர்க் கணக்கு இங்கே சரிப்படாது" என்று அவள் சொன்னது இதைத்தான். வெந்த மாவுச்சத்து காய்ந்து இறுகுகிறது. எண்ணெயில் போட்டதும் உள்ளே மீந்திருக்கும் சொற்ப ஈரம் ஆவியாகி வடாமைப் பொரிய வைக்கிறது. வடுமாங்காயில் உப்பு காயின் நீரை வெளியே இழுக்கிறது. அந்த உப்பு நீரில் கிருமிகள் பெருக முடியாது. பெங்களூரில் மார்ச் மாதக் காற்று உலர்ந்தது. ஏப்ரலில் பிற்பகல் இடிமழை திடீரென்று வந்துவிடும். ஆகையால் பங்குனிக்குள் வடாம் முடிய வேண்டும் என்பது அவள் சட்டம். 1950இல் மைசூரில் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. அங்கே ஆராயப்பட்ட விஷயங்களில் சிலவற்றை எங்கள் மாடியில் அனுபவத்தாலேயே ஒருத்தி அறிந்திருந்தாள்.

இனி, சொல்லத் தயங்கும் ஒரு விஷயம். ஒரு சமயம் அத்தைப்பாட்டி என் தாத்தாவிடம், அப்பளம் இட்டுக் கடைக்குக் கொடுத்தால் தன் கைச்செலவுக்கு ஆகுமே என்று கேட்டாள். "நம்மாத்துப் பொம்மனாட்டி அப்பளம் விக்கறதாவது!" என்று தாத்தா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அவள் மறுபடி கேட்கவில்லை. ஆனால் அதே பெங்களூரில், பசவனகுடி காந்தி பஜாரில், இளம் வயதிலேயே கணவரை இழந்த சுப்பம்மா என்பவர் 1948இலேயே அப்பளம், சண்டிகே விற்று ஒரு கடையை நிலைநிறுத்தியிருந்தார். சுப்பம்மன அங்கடி என்ற பெயரில் ஊரே அதை அறியும். பம்பாயில் 1959 மார்ச் 15ஆம் தேதி ஏழு பெண்கள் எண்பது ரூபாய் கடன் வாங்கி ஒரு மொட்டை மாடியில் அப்பளம் இட ஆரம்பித்தார்கள். அதுதான் லிஜ்ஜத். அதே வெயில், அதே உளுந்து மாவு. அங்கே அதற்குக் கூலி என்று பெயர் கிடைத்தது. எங்கள் வீட்டில் கடமை என்று பெயர்.

1951இல் எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' வெளிவந்ததால் நம் வீட்டுப் பக்குவங்கள் எழுத்தில் நின்றன. ஆனால் அவற்றைச் செய்த கைகளின் பெயர்கள் எங்கும் இல்லை. அரசாங்க உத்தியோகத்தில் முப்பத்தைந்து வருஷம் பிறர் கணக்கைச் சரிபார்த்தவன் நான். அத்தைப்பாட்டியின் ஐம்பது பங்குனிகளுக்கு ஒரு வரி எழுதி வைக்கவில்லை. வீடு கைமாறி அடுக்குமாடி ஆயிற்று. பத்திரத்தில் எல்லோருடைய கையெழுத்தும் இருந்தது. மாமரம் வைத்தவள் அவள்தான் என்பதைப் பத்திரம் சொல்லவில்லை.

பல ஊர்களிலும் உள்ள அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். வரும் பங்குனியில், பால்கனியில் ஒரு தாம்பாளத்திலாவது வடாம் இடுங்கள். பக்குவத்தைக் குழந்தைகளுக்கு எழுதிக் கொடுக்கும்போது, அது உங்கள் வீட்டில் யாருடைய கைப்பக்குவம் என்பதையும் பெயரோடு எழுதி வையுங்கள்.