கப்பல்–ரயில் வழி: ஐரோப்பியத் தலைநகரங்களுக்குத் தமிழர் சென்ற பாதை

கப்பல்–ரயில் வழி என்பது இந்தியாவிலிருந்து மத்தியதரைக் கடல் துறைமுகம் ஒன்றுவரை கப்பலிலும், அங்கிருந்து ஐரோப்பியத் தலைநகரங்களுக்கு ரயிலிலும் செல்லும் பயண முறை. 1870 முதல் இரண்டாம் உலகப் போர் வரை லண்டன், பாரிஸ், ரோம் போன்ற நகரங்களுக்கு விரைந்து சேர விரும்பிய இந்தியர்களுக்கு இதுவே முதன்மையான வழியாக இருந்தது. முழுவதும் கடல்வழியாகச் செல்வதைவிட இதில் செலவு கூடுதல். ஆனால் சுமார் ஒரு வாரம் மிச்சமாகும். நாட்களை முன்கூட்டிக் கணக்கிட்டவர்களுக்கே அந்த ஒரு வாரம் பயன்பட்டது. ஐரோப்பியத் தலைநகரம் ஒன்றை முதன்முறையாகச் சில நாட்களில் பார்த்துவிட்டு வருவதும் இந்த வழியால் சாத்தியமாயிற்று.

தோற்றம்

1869 நவம்பரில் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டபின் பம்பாயிலிருந்து புறப்பட்ட கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றாமல் நேரே மத்தியதரைக் கடலை அடைந்தன. அங்கிருந்து ஜிப்ரால்டரைச் சுற்றி லண்டன் செல்வதற்குப் பதிலாக, இத்தாலியின் தென்கோடியிலுள்ள பிரிண்டிசியில் இறங்கி ரயில் ஏறலாம் என்ற நிலை உருவாயிற்று. 1870-ல் தொடங்கிய பிரெஞ்சு–பிரஷ்யப் போரால் பிரான்ஸ் வழி தடைபட்டபோது இந்தியத் தபால் பிரிண்டிசி வழிக்கு மாறியது. 1871-ல் ஆல்ப்ஸ் மலையைக் குடைந்த மோன் செனி சுரங்கப்பாதை திறக்கப்பட்டதும் அந்த வழி மேலும் வேகம் பெற்றது. தபால் பைகளுக்காக அமைந்த இந்தப் பாதையைப் பயணிகளும் பயன்படுத்தினர்.

முதல் உலகப் போருக்குப் பின் பிரான்சின் மார்சேய் துறைமுகம் முதன்மை பெற்றது. மார்சேயிலிருந்து பாரிஸ் சுமார் 860 கிலோமீட்டர். பாரிஸிலிருந்து கலே அல்லது பூலோன் துறைமுகத்துக்கு ரயில், அங்கிருந்து இங்கிலீஷ் கால்வாயைக் கடக்கச் சிறு கப்பல், மறுகரையில் லண்டனுக்கு மீண்டும் ரயில் என்று பயணம் தொடர்ந்தது. இத்தாலியக் கப்பல்களில் சென்றவர்கள் வெனிஸ் போன்ற துறைமுகங்களில் இறங்கினர்.

தமிழகத்திலிருந்து புறப்பாடு

தமிழகப் பயணிக்கு ஐரோப்பியப் பயணம் உள்ளூர் ரயில் நிலையத்திலேயே தொடங்கியது. இன்றைய கடலூர் மாவட்டத்தில், பழுப்பு நிலக்கரிக்குப் பெயர்பெற்ற நெய்வேலிக்கு வடகிழக்கே உள்ள மேல்பட்டாம்பாக்கம் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. விழுப்புரம்–கடலூர் பாதையில் பண்ருட்டிக்கும் நெல்லிக்குப்பத்துக்கும் இடையே உள்ள நிலையம் அது. அப்போது மீட்டர் கேஜ் பாதையாக இருந்த இது, தென்னிந்திய ரயில்வேயின் பிரதான வழித்தடம்.

இத்தகைய ஊரிலிருந்து ஐரோப்பா செல்ல இரண்டு திசைகள் இருந்தன. வடக்கே சென்றால் சென்னை எழும்பூர். அங்கு இறங்கி, மூட்டை முடிச்சுகளோடு சென்ட்ரல் நிலையத்துக்குச் சென்று, வேறொரு கம்பெனியின் அகலப்பாதை ரயிலில் ராய்ச்சூர் வழியாகப் பம்பாயை அடைய வேண்டும். இந்தப் பாதை 1871-ல் இணைந்தது. தெற்கே சென்றால் தனுஷ்கோடி. 1914 பிப்ரவரி 24 அன்று பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின் தனுஷ்கோடிவரை ரயிலிலும், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பலிலும், பின்னர் கொழும்புக்கு ரயிலிலும் செல்ல முடிந்தது. ஐரோப்பா செல்லும் பெரிய கப்பல்கள் கொழும்பில் நின்று சென்றன.

திட்டமிடல்

இந்தப் பயணத்தில் ஓர் இணைப்பு தவறினால் அடுத்தடுத்த இணைப்புகளும் தவறும். தபால் கப்பல்கள் குறிப்பிட்ட நாட்களில் மட்டுமே புறப்பட்டன. ஒன்றைத் தவறவிட்டால் அடுத்த கப்பலுக்கு ஒரு வாரமோ அதற்கு மேலோ காத்திருக்க நேரும். ஆகவே சேர வேண்டிய நாளை முதலில் குறித்துக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கிக் கணக்கிடுவதே வழக்கம்.

இதற்கு உதவியது தாமஸ் குக் நிறுவனம் 1873 முதல் வெளியிட்ட ஐரோப்பிய ரயில் கால அட்டவணை. பல நாடுகளின், பல கம்பெனிகளின் ரயில் நேரங்களை அது ஒரே நூலில் தொகுத்தது.

நகரத்துக்குள்ளும் ஒரு சிக்கல் இருந்தது. மார்சேயிலிருந்து வரும் ரயில்கள் பாரிஸின் தென்கிழக்கிலுள்ள லியோன் நிலையத்தில் நின்றன. கலே, பூலோன் செல்லும் ரயில்கள் வடக்கு நிலையத்திலிருந்து புறப்பட்டன. எழும்பூருக்கும் சென்ட்ரலுக்கும் இடையே அலைந்த சென்னைப் பயணிக்கு இது பழகிய தொல்லைதான். நேரடிப் பெட்டியில் பயணம் செய்யாதவர்கள் நகரைக் குறுக்கே கடந்தாக வேண்டியிருந்தது. பலருக்கு அந்த இடைவெளியே பாரிஸின் முதல் காட்சியாக அமைந்தது.

முதல் உலகப் போருக்கு முன் ரஷ்யா, துருக்கி தவிர்த்த பெரும்பாலான ஐரோப்பிய நாடுகளுக்குக் கடவுச்சீட்டு தேவைப்படவில்லை. போருக்குப் பின் கடவுச்சீட்டும், கடந்து செல்லும் நாடுகளின் அனுமதிகளும் பயணத் திட்டத்தின் பகுதியாயின.

பாரிஸில் ஏழு நாள்

குறுகிய முதல் பயணம் ஒன்றைத் திட்டமிட்ட இந்தியர்களில் தம் அனுபவத்தைத் தெளிவாகப் பதிவு செய்தவர் காந்தி. லண்டனில் சட்டம் பயின்றபோது அவர் பாரிஸ் உலகக் கண்காட்சியைக் காணச் சென்றார். தன்வரலாற்றில் அவர் 1890 என்று குறிப்பிட்டாலும், ஈஃபிள் கோபுரம் திறக்கப்பட்ட அந்தக் கண்காட்சி நடந்தது 1889-ல்.

புறப்படுமுன்பே பாரிஸில் ஒரு சைவ உணவு விடுதி இருப்பதை அவர் படித்தறிந்திருந்தார். அங்கேயே அறை எடுத்து ஏழு நாள் தங்கினார். நகர வரைபடமும் கண்காட்சி வழிகாட்டியும் கையில் கொண்டு பெரும்பாலும் நடந்தே சுற்றினார். உணவு, தங்குமிடம், போக்குவரத்து ஆகிய மூன்றையும் சிக்கனமாக முடித்த அவர், ஒரே ஓர் ஆடம்பரத்தை அனுமதித்துக்கொண்டார். ஈஃபிள் கோபுரத்தின் முதல் தளத்திலிருந்த உணவகத்தில், அவ்வளவு உயரத்தில் உணவருந்தினேன் என்று சொல்லிக்கொள்வதற்காகவே ஏழு ஷில்லிங் செலவிட்டார். ஆனால் அவர் மனத்தில் நின்றது கோபுரம் அல்ல. நோத்ர தாம் தேவாலயத்தின் அமைதியும் சிற்ப வேலைப்பாடும்தான்.

1930: இரண்டு பயணங்கள்

1914 மார்ச் 17 அன்று சென்னையில் நெவாசா கப்பலில் ஏறிய கணிதமேதை ராமானுஜன், ஏப்ரல் 14 அன்று லண்டனை அடைந்தார். கடல்வழிப் பயணத்துக்கு நான்கு வாரம் ஆயிற்று. பதினாறு ஆண்டுகளுக்குப் பின் சென்னை மாநிலக் கல்லூரி மாணவர் சுப்பிரமணியன் சந்திரசேகர் வேறு வழியில் சென்றார். 1930 ஜூலை 31 அன்று பம்பாயில் பில்ஸ்னா என்ற இத்தாலியக் கப்பலில் ஏறி, வெனிஸில் இறங்கி, ரயிலில் கண்டத்தைக் கடந்து ஆகஸ்ட் 19 அன்று லண்டன் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 19. வெண்குறு விண்மீன்களின் நிறைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு என்ற கணக்கை அவர் அந்தக் கப்பலில் தொடங்கினார். பின்னாளில் அது சந்திரசேகர் வரம்பு எனப் பெயர்பெற்றது.

பயணம் வேகமாக இருந்தாலும் தூரம் குறைந்துவிடவில்லை. அவர் புறப்பட்டபோது தாய் சீதாலட்சுமி கடும் நோயுற்றிருந்தார். மகன் போக வேண்டும் என்று வற்புறுத்தியவரும் அவரே. 1931 மே மாதம் தாய் இறந்தபோது மகன் கேம்பிரிட்ஜில் இருந்தார். 1936-ல்தான் அவர் இந்தியா திரும்பினார்.

அதே ஆண்டில் சந்திரசேகரின் சிற்றப்பா சி.வி. ராமன் வேறொரு கணக்குப் போட்டார். நோபல் பரிசு தமக்கே கிடைக்கும் என்ற நம்பிக்கையில், 1930 ஜூலையிலேயே தமக்கும் மனைவி லோகசுந்தரிக்கும் கப்பல் சீட்டுகளை அவர் பதிவு செய்துவிட்டார். இச்செய்தி பொதுவாக அவருடைய தன்னம்பிக்கைக்குச் சான்றாகச் சொல்லப்படுகிறது. ஆனால் அதில் கால அட்டவணையின் கட்டாயமும் இருந்தது. இயற்பியல் பரிசு நவம்பர் நடுவில் அறிவிக்கப்பட்டது. பரிசளிப்பு விழா டிசம்பர் 10 அன்று ஸ்டாக்ஹோமில். ராமன் அப்போது இருந்தது கல்கத்தாவில். பம்பாய்க்கு ரயில் பயணம், மார்சேய்க்குக் கப்பலில் ஏறத்தாழ இரண்டு வாரம், அங்கிருந்து ஸ்வீடனுக்கு ரயிலில் மேலும் சில நாள் என்று கூட்டினால், அறிவிப்புக்குப் பின் இடம் தேடுபவர் விழாவைத் தவறவிடும் வாய்ப்பே அதிகம். ராமன் தம்பதியர் உரிய நாளில் ஸ்டாக்ஹோமில் இருந்தனர்.

1931: ரோமில் இரண்டு நாள்

வட்டமேசை மாநாட்டுக்காக 1931 ஆகஸ்ட் 29 அன்று பம்பாயில் ராஜபுதானா கப்பலில் புறப்பட்ட காந்தி, செப்டம்பர் 11 அன்று மார்சேயில் இறங்கினார். ரயிலில் பூலோன் சென்று, கால்வாயைக் கடந்து மறுநாளே லண்டனை அடைந்தார். பதினைந்து நாட்களில் முடிந்த பயணம் இது. திரும்பும்போது பாரிஸில் ஒரு நாளும், சுவிட்சர்லாந்தில் ரோமைன் ரோலந்துடன் சில நாட்களும் தங்கி, டிசம்பர் 12 அன்று ரோம் வந்தார். வத்திக்கானின் சிஸ்டைன் சிற்றாலயத்தைக் கண்டார்; முசோலினியைச் சந்தித்தார். பின்னர் பிரிண்டிசிக்கு ரயிலில் சென்று டிசம்பர் 14 அன்று கப்பல் ஏறினார். சந்திரசேகர் சென்ற அதே பில்ஸ்னாதான் அந்தக் கப்பல்.

காந்தி ரோமில் இருந்த டிசம்பர் 13 அன்று, பெரியார் ஈ.வெ. ராமசாமி சென்னைத் துறைமுகத்தில் ஐரோப்பியப் பயணத்துக்குக் கப்பல் ஏறினார். எஸ். ராமநாதனும் ராமுவும் உடன் சென்றனர். மாஸ்கோ, பெர்லின், லண்டன் உள்ளிட்ட நகரங்களில் தங்கி, 1932 நவம்பரில்தான் அவர் தமிழகம் திரும்பினார். தலைநகர் ஒன்றை ஓரிரு நாளில் பார்த்துச் செல்வதற்கு மாறாக, மாதக்கணக்கில் தங்கிச் சமூகத்தை அறிவது அவர் நோக்கமாக இருந்தது. இத்தகைய பயணங்களைப் பற்றி எழுதுவதும் தமிழில் வளர்ந்தது, ஏ.கே. செட்டியாரின் ‘உலகம் சுற்றும் தமிழன்’ அவ்வகையில் புகழ்பெற்ற நூல்.

மறைவும் தொடர்ச்சியும்

இரண்டாம் உலகப் போர் இந்த வழியைத் துண்டித்தது. போருக்குப் பின் கப்பல்கள் மீண்டும் ஓடினாலும் வேகத்தின் பெருமை விமானத்துக்குச் சென்றது. 1948 ஜூன் 8 அன்று ஏர் இந்தியா இன்டர்நேஷனலின் முதல் விமானம் பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜெனீவா வழியாக லண்டனுக்குப் புறப்பட்டது.

ஆயினும் தலைநகரங்களுக்கு இடையிலான பயணத்தில் ரயில் தன் இடத்தை இழக்கவில்லை. ஐரோப்பாவுக்கு வெளியே வசிப்பவர்களுக்கான யூரெயில் பயணச்சீட்டு 1959-ல் வந்தது. 1994-ல் கால்வாய்ச் சுரங்கத்தின் வழியே யூரோஸ்டார் ஓடத் தொடங்கியது. இன்று லண்டன்–பாரிஸ் பயண நேரம் சுமார் 2 மணி 20 நிமிடம். தாமஸ் குக் அட்டவணை 2013-ல் நின்றது. அதில் பணியாற்றியவர்கள் 2014 முதல் அதை வேறு பெயரில் தொடர்ந்தனர்.

இந்தியப் பயணிக்கு முன்னேற்பாட்டின் தேவையும் தொடர்கிறது. பிரிட்டன் ஷெங்கன் பகுதியில் இல்லாததால் இரண்டு நகரங்களுக்கும் தனித்தனி விசா வேண்டும். கடவுச்சீட்டுச் சோதனை ரயில் ஏறுமுன்பே முடிகிறது. ராமன் ஜூலையில் சீட்டு வாங்கியது கப்பலின் வேகத்தைக் கணக்கிட்டு. இன்றைய பயணி மாதங்களுக்கு முன் விண்ணப்பிப்பது விசாவுக்கான காத்திருப்பைக் கணக்கிட்டு.