இடிபாடுகளுக்கும் ஓர் ஒழுங்கான சந்தை வேண்டும்

வெள்ளவத்தை தொடக்கம் கல்கிசை வரை காலி வீதியின் இருமருங்கிலும் பழைய வீடுகள் ஒன்றன்பின் ஒன்றாக இடிக்கப்பட்டு, அவ்விடங்களில் தொடர்மாடிக் குடியிருப்புகள் எழுந்துள்ளன. எழும் கட்டடத்தைப் பற்றி எல்லோரும் பேசுகின்றனர். இடிக்கப்பட்ட வீடு எங்கே போயிற்று என்று கேட்போர் மிகச் சிலரேயாவர். ஆயினும் கொழும்பின் வெள்ளப் பிரச்சினை, குப்பைப் பிரச்சினை ஆகிய இரண்டுடனும் இக்கேள்வி பின்னிப் பிணைந்துள்ளது.

இடிக்கப்படும் வீட்டில் இரு பகுதிகள் உண்டு. தேக்கு, பலா, முதிரை மரங்களாலான கதவு, ஜன்னல், நிலை, வளை என்பனவும் ஓடுகளும் இரும்புக் கம்பிகளும் விலைபோகின்றவை. இவற்றுக்கு எப்போதும் கேள்வி உண்டு. சுண்ணாம்புச் சாந்தில் கட்டப்பட்ட பழைய செங்கல்லும் முழுதாகக் கழன்று வருவதால் மீண்டும் பயன்படும். பெறுமதியுள்ள பொருள் வெளிமாவட்டங்களுக்கும் பயணம் செய்யும், லொறிக் கூலியையும் தாங்கும்.

எஞ்சுவது உடைந்த கொங்கிரீட்டும் சீமெந்துச் சாந்து ஒட்டிய கல்லும் மண்ணுமே. நிறை அதிகம், விலை அற்பம். தூரம் கூடக்கூட, ஏற்றிச் செல்லும் செலவு பொருளின் விலையை விழுங்கிவிடும். எனவே அது போவது மிக அருகிலுள்ள பள்ளத்தை நோக்கியேயாகும். கொழும்பைப் பொறுத்தவரை பள்ளம் என்பது பெரும்பாலும் சதுப்பு நிலமாகும்.

கல்கிசைக்கு அண்மையிலுள்ள பெல்லன்வில–அத்திடிய சதுப்பு நிலம் 1990 ஆம் ஆண்டு சரணாலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. 2018 இல் கொழும்பு மாநகரம் ராம்சார் சமவாயத்தின் கீழ் சதுப்பு நில நகரமாக அங்கீகரிக்கப்பட்டது. இத்தகைய பெருமைகள் இருந்தும், தலைநகரைச் சூழ்ந்த தாழ்நிலங்களை நிரப்ப மண்ணோடு இடிபாடுகளும் கொட்டப்பட்டு வந்துள்ளமை யாவரும் அறிந்ததே. மழைநீர் தங்கும் இடத்தைக் கல்லால் நிரப்பினால், அந்நீர் வீடுகளுக்குள்ளேயே தங்கும். 2010 மே மாதத்திலும் 2016 மே மாதத்திலும் கொழும்பும் அதன் சுற்றுப்புறங்களும் நீரில் மூழ்கியபோது இவ்வுண்மை கசப்பாக உணரப்பட்டது.

பிரதேசங்களுக்கிடையிலான கொடுக்கல் வாங்கலாகவும் இதனை நோக்க வேண்டும். கொழும்பின் கட்டடங்களுக்குரிய மணலில் ஒரு பகுதி பொலன்னறுவை மாவட்டத்தின் மனம்பிட்டியிலிருந்து வருகின்றது. சீமெந்தின் ஒரு பகுதி புத்தளத்திலிருந்து வருகின்றது. அதற்கான சுண்ணாம்புக்கல் அருவக்காட்டில் அகழப்படுகின்றது. இவற்றுக்குப் பதிலாகத் தலைநகர் கொடுத்தது என்ன? கொட்டாஞ்சேனையை அண்டிய புளூமெண்டல் மேடும், பின்னர் மீத்தொட்டமுல்லையும் நகரின் கழிவைச் சுமந்தன. 2017 ஏப்ரல் 14 ஆம் திகதி மீத்தொட்டமுல்ல மேடு சரிந்து 32 உயிர்களைப் பலிகொண்டது. அதன்பின், 2019 இல், புத்தளம் மக்களின் தொடர்ச்சியான எதிர்ப்பையும் மீறிக் கொழும்புக் குப்பை அருவக்காட்டுக்கு அனுப்பப்பட்டது. கல் எடுத்த ஊருக்கே கழிவு திரும்பியது. இதனை வர்த்தகம் என்று எவரும் கூறமாட்டார்கள். இலாபம் ஓரிடத்திலும் சுமை வேறோரிடத்திலுமாக அமைந்த ஏற்பாடு நீதியானதன்று.

இடிபாட்டைப் பொருளாக மாற்ற முடியும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின்னர், ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியுடன் காலியில் ‘கோவாம்’ எனும் கட்டடக் கழிவு முகாமைத்துவத் திட்டம் ஆரம்பிக்கப்பட்டது. இடிபாடுகளைத் தரம்பிரித்து, நொறுக்கி, மீண்டும் நிர்மாணத்துக்கு வழங்குவதே அதன் நோக்கமாகும். நொறுக்கிய கொங்கிரீட் வீதிகளின் அடித்தளத்துக்கும் சீமெந்துக் கற்கள் தயாரிப்பதற்கும் உகந்தது. அனர்த்தத்தின்போது கற்ற இப்பாடம் சாதாரண காலத்தில் நாடளாவிய நடைமுறையாக வேரூன்றவில்லை என்பதே கவலைக்குரியது.

அயல்நாடான இந்தியா 2016 ஆம் ஆண்டு இதற்கெனத் தனி விதிகளை வகுத்தது. நாளொன்றுக்கு 20 தொன்னுக்கு மேல், அல்லது ஒரு திட்டத்தில் மாதமொன்றுக்கு 300 தொன்னுக்கு மேல் இடிபாடுகளை உருவாக்குவோர், அவற்றைத் தரம்பிரித்து, முகாமைத்துவத் திட்டத்தை முன்கூட்டியே சமர்ப்பிக்க வேண்டும் என்றது. அரச மற்றும் மாநகர ஒப்பந்தங்களில் 10 முதல் 20 சதவீதம் வரை மீள்சுழற்சிப் பொருட்களைப் பயன்படுத்துமாறும் கூறியது. கொள்வனவாளர் இல்லையேல் சந்தை இல்லை என்பதை உணர்ந்த ஏற்பாடு இது. நிலப்பற்றாக்குறை மிக்க சிங்கப்பூரிலோ கட்டட இடிபாடுகளில் ஏறத்தாழ முழுவதும் மீள்சுழற்சிக்கு உட்படுகின்றது.

இச்சந்தையில் அவதானம் தேவைப்படும் பொருளும் உண்டு. அது அஸ்பெஸ்டஸ் கூரைத் தகடாகும். நீல அஸ்பெஸ்டஸ் 1987 இல் இலங்கையில் தடைசெய்யப்பட்டது. வெள்ளை அஸ்பெஸ்டஸைக் கட்டுப்படுத்த அரசு முற்பட்டவேளை, 2017 டிசம்பரில், அதனை ஏற்றுமதி செய்யும் ரஷ்யா நமது தேயிலைக்குத் தற்காலிகத் தடை விதித்தது. வண்டொன்று காணப்பட்டதே காரணமெனக் கூறப்பட்டது. கட்டுப்பாடு ஒத்திவைக்கப்பட்டது. உடைந்த தகட்டின் தூசு நுரையீரலுக்குள் சென்றால் புற்றுநோய்க்கு வழிகோலும். ஆகவே இடிக்குமுன் அத்தகடுகளை முழுதாகக் கழற்றி வேறாக்குவது, அதனைச் சுமக்கும் கூலித் தொழிலாளியின் உயிரோடு சம்பந்தப்பட்ட விடயமாகும்.

செய்ய வேண்டியவை கடினமானவையல்ல. வீட்டை இடிக்க அனுமதி வழங்கும்போதே, இடிபாட்டின் அளவையும் அது சேருமிடத்தையும் தெஹிவளை–கல்கிசை உள்ளிட்ட மாநகர சபைகள் எழுத்தில் பெறவேண்டும். பாரம் மிக்க பொருள் தூரம் செல்லாது என்பதால், நொறுக்கும் நிலையங்கள் நகரின் எல்லைக்குள்ளேயே அமைய வேண்டும். வீதி, வடிகால் ஒப்பந்தங்களில் ஒரு பங்கு அங்கிருந்தே கொள்வனவு செய்யப்பட வேண்டும். வெளிமாவட்டங்களுக்குச் செல்லும் பொருள், பெறுவோரின் சம்மதத்துடனும் விலையுடனும் செல்ல வேண்டும்.

2025 நவம்பரில் வீசிய டித்வா சூறாவளி எண்ணற்ற வீடுகளை இடிபாடுகளாக்கியது. அவற்றை அகற்றுவதும் மீளக் கட்டியெழுப்புவதும் ஒரே பணியின் இரு பக்கங்களாகும். ஓர் ஊரின் வளர்ச்சி இன்னோர் ஊரின் பள்ளத்தில் கொட்டப்படாதிருக்க, பொறுப்புள்ளோர் இப்போதேனும் ஆவன செய்ய வேண்டுமென வலியுறுத்துகின்றோம்.