ஒரு தாய் வயிற்றில் இரு சாயல்

லயத்து வீட்டுப் பின்புறத்து எலுமிச்சை இலையைத் தின்று கொழுக்கும் பச்சைப் புழுக்களை நாம் நசுக்கி எறிகிறோம். அவற்றுள் ஒரு வகை, தப்பிப் பிழைத்தால், உள்ளங்கையை விடப் பெரிய வண்ணத்துப்பூச்சியாகும். மெம்னோன் என்பது அதன் பெயர். அறிஞர் உலகின் பெரிய வழக்கொன்றில் இது சாட்சி சொன்ன பூச்சி.

வழக்கைக் கொண்டுவந்தவர் ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ். பதினான்கு வயதோடு பள்ளியை விட்டவர். பூச்சியும் பறவையும் பிடித்து விற்றுப் பிழைத்தவர். 1854-இல் சிங்கப்பூரில் இறங்கி, மலாக்காவைச் சுற்றி, சரவாக் போய்ச் சேர்ந்தார். 1855 பிப்ரவரியில் சந்துபோங் மலையடிவாரத்தில், மழைக்காலத்தில் தனியே இருந்தபோது ஒரு கட்டுரை எழுதினார். புதிய இனம் எதுவும், அதற்கு நெருங்கிய பழைய இனம் இருந்த இடத்திலும் காலத்திலும் ஒட்டியே தோன்றுகிறது என்றார். எப்படித் தோன்றுகிறது என்ற விடையை 1858-இல் டார்வினுக்கு எழுதினார். டார்வினோ அதே விடையை இருபது ஆண்டாகக் கையில் வைத்திருந்தார்! அவ்வாண்டு ஜூலை 1-இல் இருவர் கருத்தும் லண்டனில் ஒன்றாக வாசிக்கப்பட்டன.

ஆனால் இனம் மெல்ல மெல்ல மாறுமானால், ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்கும் எல்லை எங்கே? அதுவரை தோற்றமே அளவுகோல். மெம்னோன் ஆணுக்கு இறக்கையில் வால் கிடையாது. பெண்களிலோ வாலில்லாதவையும் உண்டு, வாலுள்ளவையும் உண்டு. பழைய அறிஞர்கள் அவற்றுக்குத் தனித்தனி இனப்பெயர் சூட்டிவிட்டார்கள். ஒரே தாயின் முட்டைகளிலிருந்து இரு சாயலும் பிறக்கின்றன, ஆகவே இனம் ஒன்றே என்று 1864-இல் வாலஸ் வாதிட்டார். வாலுள்ள பெண், பறவைகள் தின்ன விரும்பாத வேறொரு பூச்சியின் சாயலில் இருக்கிறது. அதனால் உயிர் தப்புகிறது என்றும் கருதினார். சாயலை நம்பிப் பெயர் வைப்பது எவ்வளவு ஆபத்து, பாருங்கள்.

1942-இல் எர்ன்ஸ்ட் மாயர், இயற்கையில் தமக்குள் கூடி இனம் பெருக்குவனவே ஓர் இனம் என்று வரையறுத்தார். நல்ல அளவுகோல்தான். ஆனால் போர்னியோ ஓராங் ஊத்தானும் சுமத்ரா ஓராங் ஊத்தானும் கடலால் பிரிந்தவை. காட்டில் சந்திக்கவே வழியில்லை. விலங்குக்காட்சி சாலைகளில் கூடியபோது குட்டி ஈன்றன. அக்குட்டிகளும் வளர்ந்து ஈன்றன. இருந்தும் அவற்றை இன்று இரண்டு இனமாகவே கொள்கிறார்கள். 2017-இல் சுமத்ராவின் தபானுலிக் காட்டிலுள்ளவை மூன்றாவது இனம் என்று அறிவிக்கப்பட்டது. மரபணுச் சான்றோடு காட்டிய எலும்புக்கூடு ஒன்றே ஒன்று. அது போதுமா என்று கேட்டவர்களும் உண்டு. கேட்பது நியாயமே. ஆயினும் பெயர் வந்த பிறகுதான் உலகம் அந்தக் காட்டைத் திரும்பிப் பார்த்தது. அங்கு எஞ்சியவை எண்ணூறுக்கும் குறைவு.